ஒரு பெஸோவுக்கு ஓர் அதிபர்

பிலிப்பைன்ஸ் அதிபர் ஜோசப் எஸ்ட்ராடாவை 2001 ஜனவரியில் மாளிகையை விட்டுக் கிளப்பியது எது என்று கேட்டால், செல்போன் என்று சொல்லும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. எஸ்ட்ராடாவும் அதையேதான் சொன்னார். டெக்ஸ்ட் அனுப்பும் தலைமுறை தன் குடியைக் கெடுத்துவிட்டதாம். அவருடைய இன்னொரு குடியை யாராலும் கெடுக்க முடிந்ததில்லை. அதற்குப் பின்னால் வருவோம்.

ஃபேஸ்புக் பிறக்க இன்னும் மூன்று வருடம், ட்விட்டருக்கு ஐந்து வருடம் இருந்தது. ஹேஷ்டேக் என்பது அன்றைக்கு போனின் அடிவரிசையில் வேலைவெட்டி இல்லாமல் கிடந்த ஒரு பொத்தான். அந்தக் காலத்தில் 160 எழுத்துக்குள் அடங்கிய குறுஞ்செய்தியால், ஒன்றுக்கு ஒரு பெஸோ வீதம் கட்டி, ஜனங்கள் ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்தார்கள் என்பது கதை. கதையில் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதில்தான் தகராறு.

நடிகர் நாடாளுவது பற்றி நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆகவே எஸ்ட்ராடாவின் பூர்வகதையைச் சுருக்கிவிடலாம். நூறு படத்துக்கு மேல் நடித்தவர். பெரும்பாலும் ஏழைக்காக அடிதடியில் இறங்கும் வேடம். அங்கிருந்து சான் ஹுவான் நகர மேயர், செனட்டர், துணை அதிபர் என்று படிப்படியாக ஏறி, 1998-ல் ஒரு கோடிக்கும் மேல் வாக்கு வாங்கி அதிபரானார். செல்லப்பெயர் எராப். 'ஏழைகளுக்காக எராப்' என்பது கோஷம். ஏழைகள் நம்பினார்கள். படித்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இரண்டு தரப்பும் கடைசிவரை நிலை மாறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பதவிக்கு வந்ததும் அவருக்கு இரண்டு மந்திரிசபை. ஒன்று அரசிதழில் வந்தது. மற்றது இரவில் கூடும். விலை உயர்ந்த ஒயின், சீட்டுக்கட்டு, பழைய சேக்காளிகள். 'நள்ளிரவு கேபினட்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. விடிகாலை நாலு மணிக்கு அந்தக் கூட்டத்தில் போதையில்லாமல் இருப்பது தான் ஒருவன்தான் என்று அதிபரின் தலைமை அலுவலரே 2000-ல் ஒரு விருந்தில் வேடிக்கையாகச் சொல்லிவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு வேலை போயிற்று. நிதானமாக இருப்பவனுக்கு அந்த மாளிகையில் என்ன வேலை?

இந்த இடத்தில் போன் உள்ளே வருகிறது. பிலிப்பைன்ஸில் ஒரு காலத்தில் வீட்டுக்கு போன் இணைப்பு வாங்குவது நம்மூர்க் காத்திருப்போர் பட்டியலைவிட மோசம். கிட்டத்தட்ட நாடே போனுக்காகக் காத்திருக்கிறது, மீதிச் சொச்சப் பேர் டயல்டோனுக்காகக் காத்திருக்கிறார்கள் என்கிற ரீதியில் சிங்கப்பூரின் லீ குவான் யூ 1992-ல் மணிலாவுக்கே போய்க் கிண்டலடித்துவிட்டு வந்தார். அப்படிக் காய்ந்துகிடந்த ஜனங்களின் கையில் செல்போன் கிடைத்தது. பேசினால் காசு கரையும். டெக்ஸ்டை ஆரம்பத்தில் கம்பெனிகள் இலவசமாகவே விட்டிருந்தன, பிறகும் ஒரு பெஸோதான். நாடே கட்டைவிரலால் வாழ ஆரம்பித்தது. (அதே 2001-ல் இந்தியாவில், யாராவது நம்மைக் கூப்பிட்டால் அதற்கும் நாம்தான் காசு கட்டிக்கொண்டிருந்தோம். மிஸ்டு கால் என்ற கலையை நாம் வளர்த்தது ஞானத்தால் அல்ல, தரித்திரத்தால்.)

உயிரெழுத்தெல்லாம் ஊதாரிச் செலவு என்று தள்ளிவிட்டு, பாதி ஆங்கிலமும் பாதி தகலாகுமாக அவர்கள் அனுப்பிக்கொண்டவை என்ன? காதல், வம்பு, பைபிள் வசனம், அப்புறம் எராப் ஜோக். அதிபரின் ஆங்கிலம் தடுக்கி விழும் ஜோக்குகள் போனுக்குப் போன் தாவின. அதில் ஒரு விசேஷம், இந்த ஜோக்குகளுக்குப் பிள்ளையார் சுழி போட்டவரே அவர்தான். துணை அதிபராக இருந்தபோது தன்னைக் கிண்டலடிக்கும் ஜோக்குகளைப் புத்தகமாகப் போட அவரே தலையாட்டினார். தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பவனை ஏழைக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதே ஜோக்கை அவருடைய அனுமதி இல்லாமல் நாடு முழுக்க அனுப்பலாம் என்ற நாள் வரும் என்பதுதான் தெரியவில்லை.

சரி, வில்லன் வரவேண்டாமா? 2000 அக்டோபரில் வந்தார். இலோகோஸ் சுர் மாகாண கவர்னர் லூயிஸ் சிங்சன், 'சாவித்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். எஸ்ட்ராடாவின் நெடுநாள் கூட்டாளி. அங்கே ஹுவெத்தெங் என்று ஒரு சட்டவிரோத நம்பர் சூதாட்டம் உண்டு; நம்மூர் மூணு நம்பர் லாட்டரியின் ஒன்றுவிட்ட தம்பி. அந்த வசூலிலிருந்து அதிபருக்குக் கப்பம் கட்டிவந்தது தானேதான், மொத்தம் 40 கோடி பெஸோ, புகையிலை வரிப் பணத்திலும் அவருக்குப் பங்கு வெட்டினேன் என்று சாவித் பத்திரிகையாளர்கள் முன்னால் கக்கினார். மனசாட்சி திடீரென்று ஏன் விழித்தது என்றால், அதற்குச் சில நாள் முந்திதான் சூதாட்ட வியாபாரத்தின் புதிய, சட்டபூர்வமான வடிவம் அவருடைய போட்டியாளர் பக்கம் சாய்ந்திருந்தது. போதாததற்கு ஒரு ராத்திரி மணிலா சாலையில் போலீஸ் அவர் வண்டியை மறித்தது. தன்னைத் தீர்த்துக்கட்டத்தான் என்றார் சாவித். வரலாற்றில் பல ஊழல்கள் நேர்மையாளர்களால் அல்ல, பங்கு குறைந்தவர்களால் வெளிவந்தவை. அதற்காக உண்மை பொய்யாகிவிடாது.

சாவித் பேசியது வாய்ச்சொல். அதற்குக் காகித ஆதாரம் சேர்த்தவர்கள் பிலிப்பைன்ஸ் புலனாய்வு இதழியல் மையத்தின் ஆட்கள். கம்பெனிப் பதிவேடு, நிலப் பதிவேடு என்று மாதக்கணக்கில் தூசி தட்டி, அதிபர் குடும்பங்களின் (பன்மையைக் கவனிக்கவும்) மாளிகைகளைப் பட்டியலிட்டார்கள். ஒன்றில் செயற்கை அலையடிக்கும் நீச்சல்குளமும் கரையில் வெள்ளை மணலும் இருந்தன. ஏழைகளுக்காக எராப், எராப்புக்காகக் கடற்கரை. புரட்சி பற்றி எழுதுகிறவர்கள் நோக்கியாவுக்கு மாலை போடும்போது, பதிவு அலுவலகத்தில் தும்மிக்கொண்டிருந்த அந்த நிருபர்களுக்கு ஒரு பூவாவது போட்டிருக்கலாம்.

அடுத்து நாடாளுமன்றத்தில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. நவம்பர் 13. பதவிநீக்கக் குற்றச்சாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உறுப்பினர்கள் கையெழுத்திட்டுவிட்டார்கள். அதிபர் கட்சிக்காரர்கள் எழுந்து கத்தத் தயாராக இருக்கிறார்கள். அவைத்தலைவர் மானுவெல் வில்யார் மைக்கைப் பிடித்து, ஜெபத்துடன் ஆரம்பிக்கிறார். ஜெபம் என்றால் எல்லோரும் வாயை மூடித்தானே ஆகவேண்டும்? ஆண்டவரை அழைத்த கையோடு, மூச்சு விடாமல், குற்றச்சாட்டு செனட்டுக்கு அனுப்பப்படுகிறது என்று வாசித்து, சுத்தியலைத் தட்டிவிட்டார். எதிர்த்தரப்பு தலை நிமிர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது. கத்தோலிக்க நாட்டில் கடவுளை நடைமுறை விதியாகப் பயன்படுத்திய இந்தச் சாமர்த்தியத்தை நம் சட்டமன்றங்கள் இன்னும் கற்கவில்லை, கற்காமலிருப்பது நல்லது.

டிசம்பர் 7-ல் செனட்டில் விசாரணை தொடங்கியது. தலைமை நீதிபதி ஹிலாரியோ டவீடே நடுவில், செனட்டர்கள் நீதிபதிகளாக, எல்லாம் நேரடி ஒளிபரப்பு. டிவி சீரியல்கள் தோற்றன. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் கிளாரிசா ஒகாம்போ என்ற வங்கி அதிகாரி வந்தார். ஹோசே வெலார்டே என்ற பெயரில் 50 கோடி பெஸோ பரிவர்த்தனைக்கான காகிதங்களில் ஒருவர் கையெழுத்திட்டதை ஓரடி தூரத்திலிருந்து பார்த்தேன் என்றார். போட்டவர் அதிபர். சினிமாவில் அவர் போட்ட எந்த வேடமும் இவ்வளவு பெரிய அரங்கில் கலையவில்லை.

மிச்ச ரகசியமெல்லாம் வங்கியிலிருந்து வந்த ஓர் உறைக்குள் இருப்பதாக நாடு நம்பியது. 'இரண்டாவது உறை.' அதைத் திறக்கலாமா வேண்டாமா என்று 2001 ஜனவரி 16 இரவில் வாக்கெடுப்பு. திறக்க வேண்டாம் 11, திறக்கலாம் 10. வழக்கு நடத்திய தரப்பு வெளிநடப்புச் செய்தது. செனட் தலைவர் பிமென்டெல் பதவியைத் துறந்தார். ஒரு பெண் செனட்டர் கண்ணீர் விட்டார். இன்னொருவர், திறக்காதே என்று வாக்களித்த தெரெசா அகினோ-ஒரேட்டா, கேமரா பார்க்கிறதென்ற நினைப்பே இல்லாமல் ஒரு குட்டி ஆட்டம் போட்டார். மார்கோஸ் காலத்தில் விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட நினோய் அகினோவின் உடன்பிறந்த தங்கை அவர். அந்தச் சில வினாடி ஆட்டத்துக்கு அவர் பின்னாளில் தேர்தல் விளம்பரம் எடுத்து மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. ஊழலை ஜனங்கள் ஓர் எல்லைவரை பொறுப்பார்கள். ஊழலைக் கொண்டாடி ஆடினால் பொறுக்கமாட்டார்கள்.

இப்போதுதான் போன்கள் துடித்தன. 'எட்ஸாவுக்குப் போ. கறுப்பு உடுத்து' என்பது புகழ்பெற்ற அந்தச் செய்தி. எட்ஸா என்பது மணிலாவை அரைவட்டமாகச் சுற்றும் பெருஞ்சாலை. எங்கே கூடுவது என்று யாரும் வழி கேட்கவில்லை. 1986-ல் மார்கோஸை விரட்டியபோது ஜனங்கள் நின்ற சாலை அதுதான், அதன் நினைவாக அங்கே மாதா ஆலயமும் எழும்பியிருந்தது. அன்று ஆள் திரட்டியது வானொலி; கூப்பிட்டவர் மணிலா பேராயர், கார்டினல் சின். (ஆமாம், பெயரே அதுதான். விருந்தாளிகளைத் தன் மாளிகைக்குப் 'பாவத்தின் வீடு' என்று சொல்லி வரவேற்பாராம்.) புரட்சிக்கு இடம், ஆண்டவன், முன்னனுபவம் மூன்றும் தயாராக இருந்தன. குறுஞ்செய்தி செய்ததெல்லாம் நேரம் குறித்ததும், உடையின் நிறத்தைச் சொன்னதும். கல்யாணப் பத்திரிகையின் வேலை. பத்திரிகை இல்லாமல் கல்யாணம் கூடாது என்பதும் உண்மைதான்.

இரண்டு மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள். அடுத்த நாட்களில் லட்சக்கணக்கில். இத்தனை பேரும் ஒரே இடத்தில் நின்று ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்த, நெட்வொர்க் திணறியது. பக்கத்தில் நிற்பவனுக்கு அனுப்பிய செய்தி அவன் வீட்டுக்குப் போன பிறகு வந்து சேரும். கம்பெனிகள் நடமாடும் டவர் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தின. புரட்சி நடக்கட்டும், சிக்னல் போகக்கூடாது.

அந்த வாரத்துச் செய்திகளில் ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது. எஸ்ட்ராடாவைக் கைவிடும் முடிவை ராணுவம் எடுக்க, நாளை ஜனவரி 19 அன்று எட்ஸாவில் பத்து லட்சம் பேரைப் பார்த்தாக வேண்டுமாம், எல்லோருக்கும் அனுப்பு என்கிறது அது. மக்கள் சக்தி, இளைஞர் எழுச்சி என்று மேடையில் முழங்கிக்கொண்டிருக்கையில், இந்தச் செய்தி மட்டும் கடை வாசலில் நின்று கணக்கைச் சொல்லிவிடுகிறது: தளபதிகளுக்கு இத்தனை தலை காட்டவேண்டும், அதற்குத்தான் நாம்.

19-ம் தேதி மாலை முப்படைத் தலைவர் ஏஞ்சலோ ரெயெஸ் எட்ஸாவுக்கே வந்து, ராணுவம் அதிபருக்கான ஆதரவை விலக்கிக்கொண்டதாக அறிவித்தார். மறுநாள் நண்பகல், அதே மாதா ஆலயத்தில், அதே டவீடே முன்னிலையில், துணை அதிபர் குளோரியா மகபாகல் அர்ரோயோ அதிபராகப் பதவியேற்றார். வேறொரு முன்னாள் அதிபரின் மகள், பொருளாதாரம் படித்தவர், தடுக்கி விழாத ஆங்கிலம். எஸ்ட்ராடா ராஜினாமாக் கடிதம் எதுவும் எழுதவில்லை. இந்தப் பதவியேற்பு செல்லுமா என்பதே சந்தேகம் என்று ஓர் அறிக்கை விட்டுவிட்டு, பிற்பகலில் குடும்பத்தோடு மாளிகையின் பின்பக்கம் பாசிக் ஆற்றில் படகேறிப் போனார். ரெயெஸ் இரண்டே மாதத்தில் புதிய அரசின் பாதுகாப்பு அமைச்சரானார். செல்போனுக்குப் பதவி ஏதும் தரப்படவில்லை.

அந்த உறை? மறந்துவிட்டீர்கள் பார்த்தீர்களா, எல்லோரும் அப்படித்தான். பிப்ரவரி 14 அன்று, காதலர் தினத்தில், பத்திரிகையாளர்கள் முன்னால் பிரித்தார்கள். வெலார்டே கணக்கு எஸ்ட்ராடாவுடையதல்ல, அவருடைய தொழிலதிபர் நண்பர் ஒருவருடையது என்று சொல்லும் காகிதம் உள்ளே இருந்தது! திறக்காதே என்று மல்லுக்கட்டியவர்கள் திறக்கவிட்டிருந்தால் ஒருவேளை அவர்கள் ஆள் பிழைத்திருப்பார். (கணக்கு எஸ்ட்ராடாவுடையதே என்று 2007-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது வேறு விஷயம்.)

இதோடு திரை விழுந்திருந்தால் சுபம். ஏப்ரல் 25-ல் எஸ்ட்ராடாவைக் கைது செய்தார்கள். கைதி எண்ணோடு எடுக்கும் புகைப்படத்தை நாடே பார்த்தது. அதுவரை எட்ஸா பக்கம் வராத ஒரு கூட்டம் அப்போதுதான் கிளம்பி வந்தது. அவருக்கு வாக்குப் போட்ட சேரிக்காரர்கள், கூலிக்காரர்கள். அதே சாலை, அதே மாதா, லட்சக்கணக்கில் கூட்டம். பெரும்பாலோர் கையில் போன் இல்லை. ஜனவரியில் ஜனநாயகத்தைக் காப்பாற்றிய கட்டைவிரல்கள் இப்போது வேறு வேலை பார்த்தன: பல் இல்லாதவன், குளிக்காதவன், காசுக்கு வந்தவன் என்று அந்தக் கூட்டத்தைப் பற்றிய நக்கல்கள் போனுக்குப் போன் பறந்தன. அதே ஒரு பெஸோதான். ஜனவரியில் வந்தால் மக்கள், ஏப்ரலில் வந்தால் கும்பல். மே 1 விடிகாலையில் அவர்கள் மாளிகை நோக்கி நடந்தார்கள். ஆறு நாள் நின்றும் எந்தத் தளபதியும் எட்டிப் பார்க்கவில்லை. தடியடி, கண்ணீர்ப்புகை, உயிர்ப்பலி. 'கிளர்ச்சி நிலை' என்று அர்ரோயோ அறிவித்தார். எட்ஸா வழியாக வந்தவர், எட்ஸா வழியாக இன்னொருவர் வரக்கூடாது என்பதில் தெளிவாக இருந்தார்.

அதே 2001-ல், புரட்சி செய்த சந்தாதாரர்களுக்கு செல்போன் கம்பெனிகள் தந்த பரிசு, இலவச டெக்ஸ்ட் எண்ணிக்கையைக் குறைத்தது. கவிழ்ந்த அரசின் மீதுகூட ஜனங்களுக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. டெக்ஸ்ட்பவர் என்று ஓர் அமைப்பே அதற்காகப் பிறந்தது. கம்பெனிகளுக்கு எதிராகச் செய்தி அனுப்பி ஆள் திரட்டினார்கள். ஒவ்வொரு செய்திக்கும் கம்பெனிக்குக் காசு.

நாலு வருடம் கழித்து போன் அர்ரோயோவின் வாசலுக்கு வந்தது. 2004 தேர்தலில் அவரை எதிர்த்தவர் ஃபெர்னாண்டோ போ ஜூனியர், இன்னொரு சூப்பர் ஸ்டார், எஸ்ட்ராடாவின் உயிர் நண்பர். அர்ரோயோ சுமார் 11 லட்சம் வாக்கில் வென்றார். 2005 ஜூனில் ஓர் ஒலிப்பதிவு கசியத் தொடங்கியது. வாக்கு எண்ணிக்கை நடந்த நாட்களில், அர்ரோயோவின் குரல், கார்ஸில்யானோ என்ற தேர்தல் ஆணையரிடம், பத்து லட்சத்துக்கு மேல் முன்னிலை நிற்குமா என்று விசாரிக்கிறது. பதிவு முழுதாக வெளிவருவதற்குள் அரசாங்கமே முந்திக்கொண்டது. பத்திரிகைச் செயலாளர் இக்னாசியோ புன்யே இரண்டு சிடியோடு பேட்டி கொடுத்தார்: இது அசல், இது எதிரிகள் ஒட்டுப்போட்டது. குரல் அதிபருடையதுதான் என்றும் சொல்லி, பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த ஒலிநாடாவை இரண்டு வடிவத்தில் கொடுத்த கொடைவள்ளலை உலகம் அதுவரை கண்டதில்லை. வைத்திருந்தாலே ஒட்டுக்கேட்புச் சட்டப்படி குற்றம் என்று நீதியமைச்சர் மிரட்டினார்.

ஜனங்கள் அதை ரிங்டோன் ஆக்கினார்கள். 'ஹலோ கார்ஸி' என்று அதிபரே ஒவ்வொரு பாக்கெட்டிலிருந்தும் கூப்பிட்டார். ஜீப்னி வண்டியில், சந்தையில், அலுவலகத்தில் அவர் குரல். டெக்ஸ்ட்பவர்காரர்கள் அதைப் பரப்புவதில் முன்னால் நின்றார்கள். தொழில்நுட்பக் கணக்குப்படி 2001-ஐவிடப் பிரமாதமான ஆயுதம்: அங்கே வெறும் எழுத்து, இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டிய சொந்தக் குரல். போன் வைத்திருந்தவர்களும் இப்போது பல மடங்கு. ஜூன் 27 அன்று அர்ரோயோ டிவியில் தோன்றி, தேர்தல் அதிகாரி ஒருவரோடு பேசியது புத்திக்குறைவு, வருந்துகிறேன் என்றார். யாரோடு என்று பெயர் சொல்லவில்லை. அமைச்சர்களும் உயரதிகாரிகளுமாகப் பத்துப் பேர் ராஜினாமா செய்தார்கள். கார்ஸில்யானோ மாதக்கணக்கில் காணாமல் போனார்.

கூட்டமும் கூடியது. ஆனால் கார்டினல் சின் அந்த ஜூன் 21-ல்தான் காலமாகியிருந்தார். விலகு என்று கேட்க ஆயர்கள் மறுத்துவிட்டார்கள். தளபதிகளின் தலைமை அசையவில்லை. அர்ரோயோவை இறக்கினால் அடுத்து யார் என்று யோசித்த நடுத்தர வர்க்கம், ரிங்டோனைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, போனை எடுத்து ஹலோ சொல்லியது. பதவிநீக்க மனுவை செப்டம்பரில் கீழவை குப்பையில் போட்டது. இந்தத் தடவை யாரும் ஜெபம் செய்யவில்லை.

அர்ரோயோ 2007 அக்டோபரில், ஆயுள் தண்டனை பெற்றிருந்த எஸ்ட்ராடாவுக்கு மன்னிப்பு வழங்கினார். 2010 ஜூன் 30 வரை தன் பதவிக்காலத்தை முழுசாக முடித்தார். முடிப்பதற்கு முன்பே, அந்த மே மாதத் தேர்தலில் பம்பாங்காவில் நின்று நாடாளுமன்ற உறுப்பினராகவும் வென்றுவிட்டார். அதே தேர்தலில் அதிபர் பதவிக்கு எஸ்ட்ராடா மறுபடி நின்றார். இரண்டாம் இடம், ஏறத்தாழ 95 லட்சம் வாக்கு. அவர்களில் பலர் கையில் இப்போது போன் இருந்தது.